படச்சுருளில் பெயரில்லாதவர்கள்

எங்கள் கலசப்பாக்கம் பக்கம் ஒரு பெரிய வீட்டில் 1970களில் நடந்த கல்யாணத்தை 8 மி.மீ. படமாக எடுத்திருந்தார்கள். பெண்ணுக்கு ஆரணிப் பட்டு, மாப்பிள்ளைக்குக் கார், காருக்கு முன்னால் பறை. அடித்த நாலு பேரில் எங்கள் தாத்தாவும் ஒருவர். பிற்பாடு அந்தச் சுருளை வீடியோ கேசட்டாக மாற்றினார்கள். வாசலுக்கு வெளியே நின்று பார்த்த பெரியப்பா, "எங்கப்பன் அடிச்சிக்கினு வருவாரே, அது எங்கடா?" என்றார். கேசட் காரிலிருந்துதான் தொடங்கியது. பறையை 'வேஸ்ட்' என்று வெட்டியிருந்தார்கள். சுருளும் குப்பைக்குப் போய்விட்டது. தாத்தாவுக்கு வேறு படம் கிடையாது.

வீட்டுப்படம் என்கிறோம். யார் வீடு? கோடக் கம்பெனி 1923இல் 16 மி.மீ. படத்தையும் 1932இல் 8 மி.மீ. படத்தையும் கொண்டுவந்தபோது, இங்கே கேமரா வாங்க முடிந்தவர்கள் துரைமார்களும் பணக்காரர்களும்தான். இந்தியாவில் துரைமார் குடும்பங்கள் எடுத்த படங்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம் சேகரித்து, கணினிக்கு மாற்றி, இணையத்தில் எல்லாரும் பார்க்க வைத்திருக்கிறது. நல்ல காரியம். அவற்றில் பட்லர், தோட்டக்காரர், பிள்ளை தூக்கும் ஆயா எல்லாரும் வந்து போகிறார்கள். துரைக்குப் பெயர் உண்டு. இவர்களுக்குப் பெரும்பாலும் வேலைதான் பெயர்.

பட்லர் என்றால் லேசா? ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன் கொடுத்த ஓலைச்சுவடி வழியாகத்தான் திருக்குறள் எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். 1812இல் குறள் அச்சானது. ஓலையிலிருந்து தாளுக்கு வந்ததும் ஒரு மாற்றம்தானே! அயோத்திதாசர் எழுதாமல் விட்டிருந்தால் அங்கேயும் கந்தப்பன் வெறும் பட்லர்தான்.

சுருள் காத்திருக்காது. வெக்கையிலும் ஈரத்திலும் அசிடேட் படம் புளித்துக் காடி வாடை அடிக்கும், சுருங்கும், வளையும். கேசட்டும் நிலைக்கவில்லை, வி.சி.ஆர். செய்துவந்த கடைசி ஜப்பான் கம்பெனியும் 2016இல் நிறுத்திக்கொண்டது. ஆகவே மாற்றத்தான் வேண்டும். பழைய புரொஜெக்டரில் ஓட்டிக் கிழிக்காமல், கட்டம் கட்டமாக ஸ்கேன் செய்யவேண்டும். ஒரு துண்டும் வெட்டக்கூடாது. மாற்றியபின் மூலச் சுருளை எறியக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. மாற்றிய படத்தைச் சேரியில் போட்டுக் காட்டவேண்டும். கிழவன் கிழவிகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஓரத்தில் நிற்பது யாரு, பந்தக்கால் நட்டது யாரு என்று கேட்டு எழுதவேண்டும். அதை எந்த மெஷினும் செய்யாது, நாம்தான் செய்யவேண்டும்.

தாத்தா இருந்த படம் போனது போனதுதான். பெரியப்பாவைக் கேட்டு, அன்று பறையடித்த நாலு பேரின் பெயரையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.