மிளகுப் புதினா எண்ணெயும் தோல் அழற்சியும்

பெப்பர்மின்ட் எண்ணெய் என்றும் வழங்கும் மிளகுப் புதினா எண்ணெய், 'மெந்தா பைபரிட்டா' என்னும் செடியின் இலையையும் தண்டையும் நீராவியில் வடித்து எடுக்கப்படுவது. தோல் அரிப்பு, கொசுக்கடித் தடிப்பு, தசைவலி ஆகியவற்றுக்கு வெளிப்பூச்சாகப் பயன்படுகிறது. தீபகற்ப மலேசியாவின் தென்கோடியில் உள்ள ஜொகூர் மாநிலத்தில் இந்த எண்ணெயின் முதன்மைப் பொருளான மெந்தால், பெரும்பாலும் தைலங்கள் வழியாகவே வீடுகளுக்கு வந்து சேர்கிறது. குளிர்ச்சி தந்து அரிப்பைத் தணிப்பதே தோலுக்கு இதனால் கிடைக்கும் தெளிவான பயன். அழற்சியின் காரணத்தை இது நீக்குவதில்லை.

செடியும் எண்ணெயும்

நீர்ப்புதினாவும் ஈட்டிப் புதினாவும் இயல்பாகக் கலந்து பிறந்த கலப்பினமே மிளகுப் புதினா. லின்னேயஸ் 1753இல் இதற்குத் தாவரவியல் பெயர் சூட்டினார். விதை பிடிப்பது அரிது என்பதால் ஓடுதண்டுகளை நட்டே வளர்க்கிறார்கள். ஐரோப்பிய மருந்து நூலின் தரப்படி எண்ணெயில் மெந்தால் 30 முதல் 55 விழுக்காடும் மெந்தோன் 14 முதல் 32 விழுக்காடும் இருக்க வேண்டும்.

நல்ல எண்ணெய் ஊற இச்செடிக்கு நீண்ட கோடைப் பகல் தேவை. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஜொகூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே. குறுகிய பகலில் மெந்தால் குறைந்து மெந்தோஃபியூரான் போன்ற விரும்பத்தகாத பொருள்கள் கூடுகின்றன. வீட்டுத் தொட்டிகளில் வளரும் சமையல் புதினா பெரும்பாலும் ஈட்டிப் புதினா வகை. அதன் மணம் கார்வோன் என்ற பொருளால் வருவது. மெந்தால் அதில் மிகக் குறைவு. ஆகவே புதினா இலையை அரைத்துப் பூசினால் பெப்பர்மின்ட் எண்ணெயின் விளைவை எதிர்பார்க்க முடியாது.

வணிகத்துக்கு வரும் இயற்கை மெந்தாலின் பெரும்பங்கு ஜப்பானியப் புதினாவிலிருந்து வருகிறது. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி வட்டாரம் அதன் விளைச்சலுக்குப் பெயர் பெற்றது. உலகிலேயே இதை அதிகம் விளைவிக்கும் நாடு இந்தியா.

தைல வழக்கம்

மலாய்க்காரர்கள் 'மின்யாக் சாப் காப்பாக்' என்றும் தமிழர்கள் 'கோடாலித் தைலம்' என்றும் அழைக்கும் மருந்தெண்ணெயை, 1928இல் சிங்கப்பூரில் லியுங் யுன் சீ நிறுவிய லியுங் காய் ஃபூக் நிறுவனம் தயாரிக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு இணையாகப் புழங்கும் அமிர்தாஞ்சன், காசிநாதுனி நாகேஸ்வர ராவால் 1893இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. இத்தகைய தைலங்களில் மெந்தாலோடு கற்பூரம், யூக்கலிப்டஸ் எண்ணெய், மெத்தில் சாலிசிலேட் போன்றவையும் சேர்வதால் அவை நீர்க்கக் கலந்த பெப்பர்மின்ட் எண்ணெயைவிடக் காட்டமானவை. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் தேய்க்கும் தைலத்தையே வேர்க்குருவுக்கும் பூசுவது நல்லதல்ல.

செயல்படும் விதம்

தோலின் நரம்பு முனைகளில் குளிரை உணரும் 'டிஆர்பிஎம்8' என்ற புரதம் உள்ளது. மெந்தால் இதைத் தூண்டும்போது, தோலின் வெப்பநிலை குறையாமலேயே மூளைக்குக் குளிர்ச் செய்தி போகிறது, அரிப்புணர்வு அமுங்குகிறது. டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டாபூட்டியனும் 2002இல் தனித்தனியே இப்புரதத்தைக் கண்டறிந்தனர். இருவரும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஈரானில் கர்ப்பகால அரிப்பால் அவதிப்பட்ட 96 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. நல்லெண்ணெயில் 0.5 விழுக்காடு பெப்பர்மின்ட் எண்ணெய் கலந்து நாளுக்கு இருமுறை, 2 வாரம் பூசியவர்களுக்கு அரிப்பு நன்கு குறைந்தது. காயமில்லாத தோலில் ஓரிடத்தில் தோன்றும் அரிப்புக்கு, நெடுங்கால வழக்கின் அடிப்படையில் ஐரோப்பிய மருந்து முகமை இதை ஏற்கிறது. அழற்சியையே குறைப்பதற்கான சான்றுகள் பெரும்பாலும் ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் கிடைத்தவை. எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு இதை மருந்தாகக் கொள்ள அவை போதா.

அளவு

அளவைப் பொறுத்து மெந்தாலின் குணம் மாறுகிறது. அமெரிக்க மருந்து விதிகளின் வகைப்பாட்டில் 0.1 முதல் 1 விழுக்காடு வரை அது அரிப்படக்கி, 1.25 முதல் 16 விழுக்காடு வரை, தோலை உறுத்தி ஆழ்ந்த வலியை மறக்கச் செய்யும் பொருள். புண்பட்ட தோலில் காட்டமான தைலம் எரிவதற்குக் காரணம் இதுவே. 30 மில்லிலிட்டர் தேங்காய் எண்ணெயில் 6 சொட்டு பெப்பர்மின்ட் எண்ணெய் கலந்தால் ஏறத்தாழ 1 விழுக்காட்டுக் கலவை கிடைக்கும். அதில் மெந்தால் அரை விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும். முதலில் முன்கையில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. வேர்க்குருவுக்கு எண்ணெய்ப் பூச்சு எதுவும் ஏற்றதல்ல, வியர்வைத் துவாரங்களை அது மேலும் அடைத்துவிடும். குளிர்ந்த நீரில் குளிப்பதும் காற்றோட்டமான பருத்தி உடையும் போதும்.

எச்சரிக்கைகள்

2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பெப்பர்மின்ட் எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. மெந்தால் மூச்சுத் தடையை உண்டாக்கலாம். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டுக்கான சோதனை செய்யப்படுகிறது. அக்குறைபாடு உள்ள குழந்தைகளின் அருகே மெந்தாலும் கற்பூரமும் கலந்த தைலங்களைத் தவிர்க்க வேண்டும். இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபாரின் மருந்தை உட்கொள்வோர் மெத்தில் சாலிசிலேட் கலந்த தைலங்களை மருத்துவரைக் கேட்காமல் தேய்க்கக் கூடாது.

மலேசியாவில் 'சார்லி' எனப்படும் சிறு வண்டைத் தோலில் நசுக்கினால், அதன் பெடரின் நஞ்சு ஓரிரு நாளில் கொப்புளங்களை எழுப்பும். அதன் மேல் தைலம் பூசுவது எரிச்சலைக் கூட்டும். உடனே சோப்புப் போட்டுக் கழுவுவதே சரியான முதலுதவி.

விற்பனை விதிகள்

மலேசியாவில் மருந்தாக விற்கும் தைலங்கள் 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி பதிவு பெற வேண்டும். பதிவு பெற்ற புட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண் இருக்கும். பாரம்பரிய மருந்தாயின் அதன் இலக்கங்களை அடுத்து 'டி' (T) என்ற எழுத்து வரும். ஜொகூர் பாரு இரவுச் சந்தையில் வாங்கினாலும் மருந்துக் கடையில் வாங்கினாலும் இந்த எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். தோல் சிவந்து பரவினாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் சேர்ந்தாலும், தைலத்தை நிறுத்திவிட்டு அரசாங்கக் கிளினிக்கில் காட்டுவது அவசியம்.