மதிலோடு முடியாத கணக்கு: கார்னெல் டெக் வளாகத்தின் போக்குவரத்தும் ஆற்றலும்

புதிய பல்கலைக்கழக வளாகம் எழும்போது மின்சாரத்தை ஒரு குழுவும் போக்குவரத்தை இன்னொரு குழுவும் திட்டமிடுவது பெரும்பாலும் நடப்பது. வரைபடத்தில் கூரைமேல் சோலார் தகடுகள் ஏறிவிடும். மாணவர் எப்படி வந்து சேர்வார் என்ற கேள்வியோ வாகன நிறுத்துமிடத்தின் அளவோடு நின்றுவிடும். இந்தப் பிரிவினை சரியல்ல என்பதற்கு, நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் தீவில் 2017 செப்டம்பரில் திறக்கப்பட்ட கார்னெல் டெக் வளாகம் நல்ல சான்று. அது சாதித்ததும் தடுமாறியதும் ஒரே பாடத்தையே சொல்கின்றன: நகர வளாகத்தின் ஆற்றல் கணக்கு அதன் மதிலோடு முடிவதில்லை.

முதலில் இடம். மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில் நியூயார்க் நகரம் தொழில்நுட்பக் கல்வி வளாகம் ஒன்றுக்காகப் போட்டி அறிவித்தது. நிலத்தோடு, அடிப்படைக் கட்டமைப்புக்கு 10 கோடி டாலர் வரை தரவும் முன்வந்தது. பரிசீலனைக்கு வைக்கப்பட்ட இடங்களில் படகில் மட்டுமே போகக்கூடிய கவர்னர்ஸ் தீவும் ஒன்று. 2011 டிசம்பரில் கார்னெல் பல்கலைக்கழகமும் இஸ்ரேலின் டெக்னியானும் சேர்ந்து வென்றன. அவற்றுக்குக் கிடைத்தது ரூஸ்வெல்ட் தீவில் கோல்ட்வாட்டர் மருத்துவமனை இருந்த 12 ஏக்கர்.

அந்தத் தீவுக்குப் பொதுப் போக்குவரத்து புதிதல்ல. 1969-இல் பிலிப் ஜான்சனும் ஜான் பர்கீயும் வகுத்த திட்டப்படி, குவீன்ஸ் பகுதியிலிருந்து பாலம் வழியாக வரும் கார்கள் பாலத்தடியில் உள்ள பொது நிறுத்தகத்தோடு நின்றுவிட வேண்டும். தீவுக்குள் பேருந்தும் நடையும்தான். சுரங்க ரயில் வரத் தாமதமானதால் தற்காலிக ஏற்பாடாக 1976-இல் ரோப் கார் ஓடத் தொடங்கியது. ஒரு பெட்டியில் சுமார் 110 பேரை ஏற்றிக்கொண்டு, மன்ஹாட்டனுக்குச் சில நிமிடங்களில் போய்ச் சேரும் அது இன்றும் ஓடுகிறது. சுரங்க ரயில் 1989-இல் வந்தது. வளாகம் திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, 2017 ஆகஸ்ட் இறுதியில், நகரப் படகுச் சேவையும் சேர்ந்தது.

இவற்றில் எதையும் பல்கலைக்கழகம் கட்டவில்லை. நாற்பது ஆண்டுகளாக அரசு போட்ட முதலீட்டின் மேல் அது வந்து உட்கார்ந்தது. வளாகத்தின் மிகப் பெரிய போக்குவரத்து முடிவு, இடத்தைத் தேர்ந்தெடுத்த அன்றே எடுக்கப்பட்டுவிட்டது.

கட்டுமானக் காலத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். தீவுக்கு வாகனம் வரும் பாலம் ஒன்றே ஒன்று. பழைய மருத்துவமனையின் இடிபாடுகளும் புதிய கட்டுமானப் பொருள்களும் அதன் வழியே லாரிகளில் போய் வந்திருந்தால் தீவுவாசிகள் மூச்சுத் திணறியிருப்பார்கள். அவற்றில் பெரும்பகுதி, பார்ஜ் எனப்படும் சரக்குப் படகுகளில் ஈஸ்ட் ஆற்றின் வழியே போய் வந்தது.

இனி ஆற்றல். புளூம்பெர்க் மையம் என்னும் நான்கு மாடிக் கல்விக் கட்டடத்தில் எரிபொருள் எதுவும் எரிவதில்லை, எல்லாம் மின்சாரம். நிலத்தடியில் 400 அடி ஆழத்துக்கு 80 ஆழ்துளைகள். அவற்றில் இறங்கி ஏறும் மூடிய குழாய்களில் ஓடும் நீர், கோடையில் கட்டடத்தின் வெப்பத்தை மண்ணில் இறக்குகிறது. குளிர்காலத்தில் மண்ணின் வெப்பத்தை மேலே கொண்டுவருகிறது. கூரைக்கு மேல் சோலார் தகடுகளாலான அகன்ற பந்தல். ஓராண்டில் செலவாகும் ஆற்றலை வளாகத்திலேயே ஈட்டுவது இலக்கு. அதற்கு அந்தக் கூரை மட்டும் போதாது என்பதால் பக்கத்துக் கட்டடத்தின் கூரையிலும் தகடுகள் பொருத்தப்பட்டன.

இங்கேதான் நகர வளாகத்தின் சிக்கல் தெரிகிறது. மாடிகள் கூடக் கூடத் தேவை கூடும். கூரையின் பரப்போ கூடாது. மாணவர்களும் பணியாளர்களும் வாழும் ‘தி ஹவுஸ்’ 26 மாடிக் கட்டடம். அதன் கூரையை நம்பிப் பயனில்லை. எனவே வடிவமைப்பாளர்கள் தேவையைக் குறைக்கும் வழியில் போனார்கள். காற்று கசியாத தடித்த சுவர்கள், மூன்றடுக்குக் கண்ணாடிச் சன்னல்கள், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் புதுக்காற்றுக்கு மாற்றும் சாதனம் ஆகியவற்றுடன் ‘பாசிவ் ஹவுஸ்’ தரத்தில் அது கட்டப்பட்டது. திறக்கப்பட்டபோது உலகில் அத்தரத்துக்குக் கட்டிய மிக உயரமான குடியிருப்பு அதுதான். நெருக்கமான நகரத்தில் பின்பற்றத்தக்கது சோலார் பந்தலைவிட இந்தச் சுவர்தான்.

ஆனால் முழுக்க மின்சாரத்தை நம்பும் கட்டடம், அந்த மின்சாரம் தூய்மையாக இருக்கும் அளவுக்குத்தான் தூய்மையாக இருக்க முடியும். நியூயார்க் நகரமும் வெஸ்ட்செஸ்டர் மாவட்டமும் பயன்படுத்திய மின்சாரத்தில் சுமார் கால் பங்கைத் தந்துவந்த இந்தியன் பாயின்ட் அணுமின் நிலையம் 2021 ஏப்ரலில் முற்றிலும் மூடப்பட்டது. இடைவெளியைப் பெருமளவு நிரப்பியது இயற்கை எரிவாயு. வளாகத்தில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. வெளியிலிருந்து அது வாங்கும் ஒவ்வொரு யூனிட்டின் கரிமச் சுமையும் கூடியது.

போக்குவரத்திலும் இதே கதை. 63ஆம் தெருச் சுரங்கத்தில் தண்டவாளம் மாற்றும் பணிக்காக 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து 2024 மார்ச் முடிய வழக்கமான எஃப் ரயில் தீவுக்கு வரவில்லை. சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு இணைப்பு ரயில் மட்டும் ஓடியது. ரோப் காரும் படகும் இருந்ததால் தீவு தத்தளிக்காமல் தப்பியது. ஒரே வழித்தடத்தை நம்பிய வளாகம் என்றால் மாணவர்கள் காருக்குத் திரும்பியிருப்பார்கள்.

வியன்னா பொருளாதார, வணிகப் பல்கலைக்கழகம் 2013-இல் திறந்த புதிய வளாகம் இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. அப்பகுதி வழியாக யு2 மெட்ரோ 2008-லேயே நீட்டிக்கப்பட்டிருந்தது. ரயில் முதலில், வகுப்பறை பிறகு. சூடாக்கவும் குளிர்விக்கவும் தேவையான ஆற்றலில் சுமார் 70 விழுக்காட்டை நிலத்தடி நீர் தருகிறது. வளாகத்தின் நிலப்பரப்பில் கார்கள் ஓடுவதில்லை.

இரு வளாகங்களும் ஒன்றையே உறுதிப்படுத்துகின்றன. கட்டட நுட்பம் எவ்வளவு சிறந்ததானாலும், இடத்தேர்வும் மின்கட்டமைப்பும் விட்ட குறையை அதனால் ஈடுகட்ட முடியாது. ஆகவே புதிய வளாகம் திட்டமிடும் பல்கலைக்கழகங்கள், கட்டடக் கலைஞரை அமர்த்துவதற்கு முன்பே, இடத்தேர்வுக் குழுவில் போக்குவரத்துத் துறையினருக்கும் மின்வாரியத்தினருக்கும் இடம் தர வேண்டும்.