கிடங்கும் பொதுப் பணமும்

கிடங்கு என்பது தமிழ்ச் சொல். பண்டை வணிகரோடு கப்பலேறி மலாய் நாட்டுக்கு வந்து, ‘குடாங்’ என்றும் ‘கெடோங்’ என்றும் அது உருமாறிற்று எனச் சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர். தெலுங்கரும் இச்சொல்லுக்கு உரிமை கேட்பதுண்டு. அவர்களோடு நமக்கு வழக்கில்லை. ஆங்கிலேயர் அதனைத் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்க, ‘குடோன்’ என்று ஆகி மறுபடியும் நம் தோட்டங்களுக்கே வந்து சேர்ந்தது. சொல் பத்திரமாய்த் திரும்பிற்று. அச்சொல்லுக்குரிய கட்டடங்களின் கதி என்ன என்பதே நாம் ஈண்டு கேட்க விரும்புவது.

கிள்ளானில் ‘கெடோங் ராஜா அப்துல்லா’ என்றொரு பழங்கட்டடம் உண்டு. 1850-களின் நடுவில் அவ்வூரை ஆண்ட ராஜா அப்துல்லா அதனைக் கட்டுவித்தார். வெள்ளீயமும் உணவுப் பண்டமும் படைக்கலமும் அதில் அடுக்கப்பட்டன. 1857-இல் மலாக்காச் சீன வணிகர் தந்த 30,000 வெள்ளியை முதலாக வைத்து, அவரும் லுக்குட்டை ஆண்ட ராஜா ஜுமாத்தும் 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினர். அம்பாங் காட்டில் ஒரே மாதத்துக்குள் 69 பேர் காய்ச்சலுக்கு இரையாயினர். எஞ்சியவர் 18 பேர். கோலாலம்பூர் பிறந்த கதை இதுதான். 1867-இல் ராஜா மஹ்டி கிள்ளானைத் தாக்கிக் கைப்பற்றினார். 1874-க்குப் பின் ஆங்கிலேயர் வந்தனர். கிடங்கு போலீஸ் நிலையமாயிற்று. பின்னாளில் ஈயக் காட்சிசாலையும் ஆயிற்று. அரசர் பெயர் ஏறிய கிடங்கு ஆதலின் அதன் வரலாறு நூலில் ஏறியது. மாண்டுபோன அந்த 69 பேரின் பெயரைத் தாங்கி நிற்குஞ் சுவர் எது?

ஈயத்தின் காலத்தை அடுத்து ரப்பரின் காலம். அக்காலத்துக் கிடங்குகளே நம்மவரின் கிடங்குகள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரஞ்சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் ஊற்றி, நிறுக்கும் கொட்டகைக்குச் சுமந்து வந்தோர் நம் ஆண்களும் பெண்களும். அங்கே கிராணியார் எழுதிய எண்ணே அன்றைய கூலி. பின்னர் அமிலமிட்டுப் பாலை உறையவைத்து, உருளையிற் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் கழிகளின்மேல் தொங்கவிடுவர். கீழே ரப்பர் விறகு புகையும். மேலே தகடுகள் சில நாட்களில் தேன் நிறம் பெறும். உயர்ந்த கூரையும், புகை போகக் கூரையில் விட்ட வாயும், கரி படிந்த விட்டமுமாய் நின்ற அக்கூடமே தோட்டத்தின் கருவூலம். இங்கே கட்டிய பொதிகள் ரயிலேறித் துறைமுகம் போயின. கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்து 1886-இல் ஓடத் தொடங்கிய ரயிலையும் ஓட்டித் துடைத்து நடத்தியவருள் நம்மவர் ஏராளம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேக் குடியிருப்பானதும் அதனால்தான். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்பதும் கோரிக்கைகளுள் ஒன்று. தலைவர் ஆர். எச். நாதன் சிறைப்பட்டார். சுடப்பட்டு மாண்டவர் ஐவர்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது. தோட்டம் விற்கப்படுங்கால் கோயிலுக்கு ஒரு கமிட்டி வாதாடும். பள்ளிக்குப் பெற்றோர் வாதாடுவர். புகைக்கூடத்துக்கு வாதாடுவார் யார்? கோயிலுக்குப் போராடும் நம்மவருக்கு, நம் வியர்வை படிந்த கூரை வெறுந் தகரமாய்த் தோன்றுவது வியப்பே.

பணமில்லை என்பர். வழியில்லாமலில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இதற்கென ஒரு நிதியை ஏற்படுத்தியது. மரபிடத்தின் உடைமையாளருக்கு மானியமோ கடனோ தர இடந் தந்தது. வேண்டுமாயின் இடத்தை விலைக்கு வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் அதிலே வழியுண்டு. ஆயின் நிலம் மாநிலத்தின் அதிகாரம். சிலாங்கூரிலுள்ள இடமென்றால் சிலாங்கூர் அரசின் இசைவும் வேண்டும். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். ஆகவே பிரிக்பீல்ட்ஸ்காரர் தட்டவேண்டிய கதவு ஒன்று, கிள்ளான்காரருக்கு இரண்டு.

கதவு திறக்குமா என்றால், திறந்ததுண்டு. 1904-இல் எழுந்த பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தின் வளாகத்தில் மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் 2014-இல் வெளிப்பட்டபோது பொதுமக்கள் எதிர்த்தனர். 2016-இல் அது மரபிடமாக அரசிதழில் ஏறிற்று. நல்லது. எனினும் அரசிதழ் இடிப்பதைத் தடுக்கும். ஒழுகும் கூரையை அடைக்காது. அதற்குப் பணம் தனியே வேண்டும்.

இந்த வேற்றுமையைப் பிற நாட்டார் பட்டே அறிந்தனர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் பழைய உழவுக் களஞ்சியங்களைக் காக்க 2002-ஆம் ஆண்டின் வேளாண்மைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தனர், பணமோ ஒதுக்கினாரில்லை. அதே நாட்டில் வாஷிங்டன் மாநிலம் 2007-இல் களஞ்சியங்களுக்கென ஒரு பதிவேடு திறந்து, 500,000 டாலரோடு மானியத்தைத் தொடங்கிற்று. முதலிற் பதிவு, பின்னர் மானியம் என்பது அங்குள்ள முறை.

உடைமையாளனே அழியவிட்டால்? இங்கிலாந்தில் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே ஹார்மண்ட்ஸ்வொர்த் என்னும் சிற்றூரில், 15-ஆம் நூற்றாண்டில் மரத்தாற் கட்டிய ஒரு தானியக் களஞ்சியம் நிற்கிறது. ஏறக்குறைய 60 மீட்டர் நீளம். தனியார் கம்பெனியின் கையில் அது சிதையத் தொடங்கவே, அரசின் மரபுடைமை நிறுவனம் தலையிட்டு அவசரப் பழுது பார்த்தது; பின்னர் 20,000 பவுன் கொடுத்துக் களஞ்சியத்தையே வாங்கிற்று. நெல்லும் ரப்பரும் வேறாயினும் வழி ஒன்றே. நமது புகைக்கூடங்களும் கம்பெனி நிலத்தில் நிற்பவை. அவற்றில் உழைத்தவர் மானியம் கேட்க உரிமையற்றவர். ஆகலின் நாம் கேட்கவேண்டியது, அரசே வாங்கவேண்டும், அல்லது நிலம் வகைமாற்றம் பெறுமுன் ஒரு கூடத்தையேனும் அறக்கட்டளைக்கு ஒதுக்கவேண்டும் என்பதே.

“இருக்க வீடில்லாத தோட்டத் தொழிலாளிக்கு வழி காணாமல், கொட்டகைக்குப் பணமா?” என்று தோழர் சிலர் சினப்பர். புக்கிட் ஜாலில் தோட்டத்து மக்கள் வீட்டுக்காகப் பல்லாண்டு போராடியதை அறிந்தே எழுதுகிறோம். வீடு முன்னே; அதில் ஐயமில்லை. ஆனால் கொட்டகையை இடித்தமையால் எந்தத் தொழிலாளிக்கும் வீடு கிடைத்துவிடவில்லை. தோட்டம் ஒன்று இருந்தது, அதில் மூன்று தலைமுறை உழைத்தது என்று காட்டக் கல்லும் கூரையும் இல்லாதவன், வீட்டுக்கு வாதாடும்போதும் வெறுங்கையோடுதான் நிற்பான்.

கோலாலம்பூர், கிள்ளான், காப்பார், கேரித் தீவு ஆகிய பக்கங்களில் இன்னும் நிற்கும் புகைக்கூடம், நிறுக்கும் கொட்டகை, பழைய லயம் இவற்றின் கணக்கை வாசகசாலைகளும் இளைஞர் மன்றங்களும் எடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் புகைப்படம், நீள அகலம், கட்டிய ஆண்டு, இப்போதைய உடைமையாளர் பெயர், அங்கே வேலை செய்த ஒருவரின் வாய்மொழி ஆகிய இவ்வளவும் போதும். தகடு உருட்டிய பாட்டிமார் சிலர் இன்றும் இருக்கின்றனர். அவர்களிடம் முதலிற் போகவேண்டும். விண்ணப்பத்தை அதன் பிறகு எழுதலாம்.