பசிபிக் கரையோரச் சம்மேளனத்தின் முறிவு

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே உதைபந்தாட்டம் என்று வழங்குவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. அங்கே பந்து இரு முனையும் கூம்பிய நீள்வடிவானது. அதைக் காலால் உதைப்பது சிறுபான்மை; கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே பெரும்பான்மை. இதனினும் விந்தையானது மற்றொன்று உண்டு. பல்லாயிரம் மக்கள் காசு கொடுத்துக் கூடும் பேரரங்குகளிலே அவ்வாட்டத்தை ஆடுவோர் பல்கலைக்கழக மாணவர்கள். வாயிலில் சேரும் பணமோ பெருந்தொகை. ஆடுகின்ற மாணவன் ஊதியம் பெறலாகாது என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. பணம் மலைபோற் குவியும் இடத்திலே, அதை ஈட்டித் தருபவன் தொடக்கூடாது என்றால், அவ்விதி மறைவிலே மீறப்படும் என்பதை ஊகிக்கப் பேரறிவு வேண்டியதில்லை.

இவ்விதியைக் காப்பதற்கென அயலயலாகவுள்ள பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடிச் சம்மேளனங்களை அமைத்தன. மாணவன் என்று எவனைக் கொள்வது, அவனுக்கு எவ்வளவு உதவி செய்யலாம், யார் யாரோடு எப்பொழுது ஆடுவது, வரும்படியை எவ்வாறு பங்கிடுவது என்பனவற்றை அச்சம்மேளனங்களே தீர்மானித்தன. அங்கத்துவம் இழந்த பல்கலைக்கழகத்துக்கு ஆட்டம் கிடைப்பதே அரிதாகும். ஆகவே, ஓர் அங்கத்தவரிடம் ஊழல் வெளிப்பட்டால் அவரைச் சம்மேளனம் என்ன செய்யும், தண்டித்து வைத்துக்கொள்ளுமா, விலக்கிவிடுமா என்ற வினா அந்நாட்டிலே அடிக்கடி எழுந்திருக்கிறது. அதற்கு வரலாறு தந்த விடைகளுள் மிகவும் எதிர்பாராதது பசிபிக் கரையோரச் சம்மேளனத்தின் கதை.

இச்சம்மேளனம் 1915ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரிலே தோன்றியது. கலிபோர்ணியா, வாஷிங்டன், ஒரிகன் ஆகிய பல்கலைக்கழகங்களும் ஒரிகன் விவசாயக் கல்லூரியும் முதல் அங்கத்தவர்கள். பின்னர் வாஷிங்டன் மாநிலக் கல்லூரி, ஸ்டான்போர்ட், தென் கலிபோர்ணியா, ஐடாஹோ, மொன்டானா ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. 1928இல் லொஸ் ஏஞ்ஜல்ஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகமும் வந்தது. மொன்டானா 1950இல் விலகியது, எஞ்சியோர் ஒன்பதின்மர்.

இவ்வொன்பதின்மரும் ஒரே தரத்தினர் அல்லர். லொஸ் ஏஞ்ஜல்ஸ் மாநகரின் இரு பல்கலைக்கழகங்களும் ஆடிய கொலிசியம் அரங்கிலே அக்காலத்தில் ஏறக்குறைய ஓரிலட்சம் பேர் அமர முடிந்தது. ஐடாஹோப் பல்கலைக்கழகமோ மொஸ்கோ என்னும் சிற்றூரிலே உள்ளது. (ருஷியத் தலைநகரன்று, கோதுமை வயல் சூழ்ந்த அமெரிக்க மொஸ்கோ.) அதிலிருந்து எட்டு மைல் தொலைவிலே, மாநில எல்லைக்கு அப்பால், புல்மன் என்ற மற்றொரு சிற்றூரில் வாஷிங்டன் மாநிலக் கல்லூரி. நகரத்துப் பெரும் பல்கலைக்கழகங்கள் இவ்வூர்களுக்கு நெடும்பயணம் செய்து ஆடினால் கிடைக்கும் வரும்படி சொற்பம். ஆயினும் சம்மேளனக் கூட்டத்திலே ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வாக்கு. கொலிசியத்தை நிரப்புபவருக்கும் ஒன்று. கோதுமை வயலுக்குள் ஆடுபவருக்கும் ஒன்று. வாக்களித்தவர்களும் பயிற்றாளர்கள் அல்லர். பல்கலைக்கழக ஆசிரியர்களின் பிரதிநிதிகள்.

ஒழுங்கு விடயத்தில் இச்சம்மேளனம் ஏனையவற்றைவிடக் கண்டிப்பானது. அமெரிக்கத் துப்பறியும் இலாகாவிலே முன்னர் கடமையாற்றிய எட்வின் அதெர்ட்டன் என்பவரைக் கொண்டு அங்கத்தவர்களின் நடத்தையை ஆராய்வித்து, 1940இல் அவரையே ஆணையாளராகவும் நியமித்தது. அவர் 1944இல் மறைந்தபின் விக்டர் ஷிமிட் அப்பதவியை ஏற்றார்.

புயல் வடக்கிலிருந்து வீசியது. சியாற்றில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலே, பயிற்றாளர் ஜோன் செர்பேர்க் மீது வீரர்கள் வெறுப்புற்றுக் கலகஞ் செய்தனர். 1956ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார். நீக்கப்பட்டவர் வாளாவிருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் அபிமானிகளான வர்த்தகர்கள் இரகசிய நிதியொன்றை வைத்து வீரர்களுக்குப் பணம் வழங்கி வந்ததை ஊரறிய உரைத்தார். விளையாட்டுத்துறைத் தலைவர் பதவி துறந்தார். (செர்பேர்க்குக்கு இதனால் கேடு விளையவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் உப ஆளுநராக மக்கள் அவரைத் தெரிவு செய்தனர். 1989 வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், அப்பதவியில் அவர் இருந்தார். உண்மையைச் சொன்னதற்கான பரிசு இது என்று கொள்வதா, ஆட்டத்தால் வந்த புகழின் பயன் என்று கொள்வதா என்பதை நேயர்களுக்கே விட்டுவிடுகிறேன்.)

சியாற்றிலில் மூண்ட தீ சில வாரங்களில் தெற்கே பரவியது. லொஸ் ஏஞ்ஜல்ஸ் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய நிதி இருந்தமை தெரியவந்தது. அகப்பட்டவர்களின் ஆதரவாளர்கள், தாம் மட்டுமா செய்தோம் என்று அயலவரைச் சுட்டினர். தென் கலிபோர்ணியாவும் பேர்க்லியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகமும் அகப்பட்டன. ஒவ்வொன்றிலும் பழைய மாணவர்களும் செல்வந்தர்களும் அழகிய பெயர்கள் சூட்டிய கழகங்களை நடத்தி, அவற்றின் வழியாகப் பணத்தை மாணவரிடம் சேர்ப்பித்திருந்தனர்.

சம்மேளனம் தயங்கவில்லை. தண்டப் பணம் விதித்தது. வாஷிங்டனுக்கு இரண்டு ஆண்டுகளும், லொஸ் ஏஞ்ஜல்ஸ் கலிபோர்ணியாவுக்கு மூன்று ஆண்டுகளும் தண்டனைக் காலம் என்றது. அக்காலத்திலே அவர்கள் சம்மேளன வெற்றிப் பட்டத்துக்கும் உரியரல்லர். பசடீனா நகரில் ஆண்டுதோறும் புத்தாண்டை ஒட்டி நிகழும் ரோஸ் போல் ஆட்டத்துக்கும் செல்லல் இயலாது. மற்ற இரு பல்கலைக்கழகங்களும் தப்பவில்லை. பணம் பெற்ற மூத்த மாணவர்கள் 1956ஆம் ஆண்டுப் பருவத்தில் ஐந்து ஆட்டங்களுக்கு மேல் ஆடலாகாது எனவும் கட்டளை பிறந்தது. தென் கலிபோர்ணியாவின் புகழ்பெற்ற வீரர் ஜோன் ஆர்னெட் தமது இறுதிப் பருவத்தின் பாதியை இவ்வாறு இழந்தார். பணத்தைத் திரட்டிய வர்த்தகர்களைத் தண்டிக்கச் சம்மேளனத்துக்கு அதிகாரமில்லை. அவர்கள் அதன் அங்கத்தவர்கள் அல்லரே. கைக்கெட்டியது இருபது, இருபத்திரண்டு வயது இளைஞனின் ஆட்டக்காலம், அது வெட்டப்பட்டது.

பெரும் பல்கலைக்கழகங்களின் முறையீட்டையும் கேட்க வேண்டும். அது முழுவதும் போலியன்று. அதே 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், விளையாட்டுத் திறமைக்காகவே மாணவனுக்குப் படிப்பும் உணவும் உறையுளும் அளிக்கலாம் என்று அனுமதி வழங்கியது. பசிபிக் கரையோரச் சம்மேளனமோ, மாணவன் பகுதிநேர வேலை செய்து ஓரளவு தொகையே ஈட்டலாம் என்ற பழைய நெறியிலே நின்றது. பிற பகுதிகளில் வெளிப்படையாகக் கிடைப்பது இங்கே மறைவில்தான் கிடைக்கும் என்றால், நல்ல வீரன் ஏன் இங்கு வருவான் என்று கேட்டனர். தண்டனை அளித்தோரும் புனிதர்கள் அல்லர் என்றனர். அதிலும் உண்மை உண்டு. ஒரிகன் பல்கலைக்கழகத்தின் பயிற்றாளர் 1951இல் சம்மேளன விதிகளை மீறியதன் காரணமாகவே பதவி துறக்க நேர்ந்தது.

ஆயினும் மனத்தாங்கலின் வேர் வேறிடத்தில் இருந்தது என்றே நான் கருதுகிறேன். ஒன்பது வாக்குகளில் குற்றஞ் சாட்டப்பட்டோருக்கு நான்கு, ஏனையோருக்கு ஐந்து. கொலிசியத்தின் வரும்படியிற் பங்கு பெறும் சிற்றூர்க் கல்லூரிகள், அக்கொலிசியத்தை நிரப்புவோரைத் தண்டிக்கவும் உரிமை பெற்றிருப்பதா என்ற சினமே அது. தண்டனை நடைமுறையில் இருந்தபோது நிகழ்ந்தவை இச்சினத்தை ஆற்றவில்லை. 1957ஆம் ஆண்டு ரோஸ் போலுக்கு ஒரிகன் மாநிலக் கல்லூரி சென்று அயோவாவிடம் 35-19 என்று தோற்றது. மறு ஆண்டு ஒரிகன் சென்று ஒஹையோ மாநிலத்திடம் 10-7 என்று தோற்றது.

1957ஆம் ஆண்டு டிசம்பரில் கலிபோர்ணியாவின் இரு பல்கலைக்கழகங்களும் விலகத் தீர்மானித்தன. தென் கலிபோர்ணியாவும் வாஷிங்டனும் அவற்றைப் பின்தொடர்ந்தன. 1959ஆம் ஆண்டு ஜூன் மாத முடிவோடு, நாற்பத்துமூன்று ஆண்டுகள் வாழ்ந்த சம்மேளனம் கலைந்தது. மறுநாளே, மேற்குப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுச் சங்கம் என்ற புதிய அமைப்பு தோன்றியது. அதை அமைத்தவர்கள் எவர்? தண்டிக்கப்பட்ட நால்வரே. மிகச் சிறிது காலத்துள் ஐந்தாவதாக ஒருவர் சேர்ந்தார். 1956ஆம் ஆண்டு ஊழலிலே கறைபடாத, செல்வமும் கல்விப் புகழும் மிக்க ஸ்டான்போர்ட் அது. கறைபடாத மற்ற நால்வரோடு நிற்பதா, தண்டனை பெற்ற நால்வரோடு சேர்வதா என்ற நிலையில் ஸ்டான்போர்ட் எப்பக்கம் சென்றது என்பதைக் கவனித்தால், அக்காலத்தில் அங்கத்துவம் எதனால் நிறுக்கப்பட்டது என்பது விளங்கும்.

ஒரிகன், ஒரிகன் மாநிலம், வாஷிங்டன் மாநிலம், ஐடாஹோ ஆகிய நான்கும் எவராலும் விலக்கப்படவில்லை. எக்குற்றமும் அவற்றின்மேல் அப்போது சாட்டப்படவுமில்லை. அவை இருந்த வீடே இல்லாமற் போயிற்று. சம்மேளனமற்ற தனியராய் அவை ஆடின. அந்நிலையிலும் 1962ஆம் ஆண்டில் நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரனுக்குரிய ஹைஸ்மன் விருதை ஒரிகன் மாநிலத்து டெரி பேக்கர் வென்றார். மேற்குக் கரையில் அவ்விருது பெற்ற முதல் வீரர் அவரே. அதே ஆண்டு வாஷிங்டன் மாநிலமும், 1964இல் ஒரிகன் பல்கலைக்கழகங்கள் இரண்டும் புதிய சங்கத்திற் சேர்த்துக்கொள்ளப்பட்டன. ஐடாஹோவை எவரும் அழைக்கவில்லை. 1963இல் மலைநாட்டுச் சிறு பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பிக் ஸ்கை என்ற சம்மேளனத்தை அது அமைத்துக்கொண்டது. முப்பத்தேழு ஆண்டுகள் கலிபோர்ணியாவோடு சமமாக அமர்ந்திருந்த கதிரை அதற்கு மீண்டும் கிடைக்கவில்லை.

எல்லா இடங்களிலும் இவ்வாறே நடந்தது என்று சொல்லமுடியாது. மத்திய மேற்கிலுள்ள பிக் டென் சம்மேளனம் 1929ஆம் ஆண்டு மே மாதத்தில் அயோவாப் பல்கலைக்கழகத்தோடு உறவை முறிக்கத் தீர்மானித்தது. அங்கேயும் குற்றம் இரகசிய நிதிதான். 1930ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதி விலக்கு நடைமுறைக்கு வந்தது. வீரர்கள் பலர் தகுதியற்றவர் என அறிவிக்கப்பட்டபின், மறு மாதமே அயோவா திரும்பவும் ஏற்கப்பட்டது. அங்கே விலக்கப்பட்டவர் ஒருவர், விலக்கியோர் பலர். விலக்கப்பட்டவருக்கு வேறு புகலிடமும் இல்லை. பசிபிக் கரையிலோ குற்றவாளிகள் நால்வராகவும், வருமானத்தின் பெரும்பகுதியை ஈட்டுவோராகவும் இருந்தனர். தண்டனையின் வலிமை விதியிலா, எண்ணிக்கையிலா இருந்தது என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அறியலாம்.

டெக்சாஸ் மாநிலத்தில் வேறுவிதமாக நிகழ்ந்தது. தென்மேற்குச் சம்மேளனத்தைச் சேர்ந்த சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் வீரர்களுக்குப் பணம் கொடுத்து வந்தமைக்காக, தேசியச் சங்கம் 1987ஆம் ஆண்டுப் பருவத்தையே முற்றாகத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு ஆட்டத்தைப் பல்கலைக்கழகம் தானே கைவிட்டது. பணம் தொடர்ந்து வழங்கப்படுவதை அறிந்து இசைந்திருந்தவர்களுள், மாநில ஆளுநரும் அப்பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் முன்னாள் தலைவருமான பில் கிளெமென்ட்ஸ் ஒருவர் என்பது அவர் வாயாலேயே வெளிவந்தது. அச்சம்மேளனத்தின் ஏனைய அங்கத்தவர் பலரும் அப்பத்தாண்டிலே வெவ்வேறு குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களே. 1990இல் ஆர்க்கன்சோ வெளியேறத் தீர்மானித்தது. 1994இல் டெக்சாஸின் நான்கு பல்கலைக்கழகங்கள் வேறொரு கூட்டுக்குச் செல்ல இணங்கின. 1996இல் தென்மேற்குச் சம்மேளனம் மறைந்தது. தொலைக்காட்சிப் பணம் இம்முறிவுக்குப் பெருங்காரணம் என்பர், அது சரியே. ஆனால் ஊழலினால் அயலவரிடையே நம்பிக்கை முன்னரே அழிந்திருந்தது.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதை பணத்தைப் பற்றியதன்று. அங்கே துணைப் பயிற்றாளராக இருந்த ஒருவர் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமை 2011இல் அம்பலமாயிற்று. மறு ஆண்டு தேசியச் சங்கம் 6 கோடி டொலர் தண்டம் விதித்தது. பிக் டென் சம்மேளனம் கண்டனந் தெரிவித்து, பருவ இறுதி ஆட்டங்களின் வருமானத்தில் அதற்குரிய பங்கை நிறுத்திச் சிறுவர் நல நிறுவனங்களுக்கு அளித்தது. விலக்கப்படுமோ என்ற பேச்சு எழுந்தது. அங்கத்துவம் பறிக்கப்படவில்லை.

பசிபிக் கரைக்கே திரும்புவோம். 1959இல் பிறந்த சங்கம் பெயர் மாறி, பத்தாகிப் பன்னிரண்டாகி வளர்ந்தது. 2024இல் பன்னிருவரில் பதின்மர் அதைவிட்டு நீங்கினர். இம்முறை ஊழல் இல்லை. தொலைக்காட்சி ஒப்பந்தமே காரணம். மாணவ வீரருக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் வழங்கலாம் என்ற ஏற்பாட்டுக்கு 2025இல் நீதிமன்றம் ஒப்புதல் அளித்ததால், 1956இல் குற்றமாயிருந்தது குற்றமாகவும் இல்லாது போயிற்று. ஸ்டான்போர்டும் கலிபோர்ணியாவும் அத்திலாந்திக் கரையோரச் சம்மேளனத்தை நாடிச் சென்றன. அதே ஆண்டில் அங்கே புதிதாகச் சேர்ந்த மூன்றாமவர், 1987இல் ஆட்டமே தடைசெய்யப்பட்ட சதர்ன் மெதடிஸ்ட்.

எஞ்சி நின்றவை ஒரிகன் மாநிலமும் வாஷிங்டன் மாநிலமும். ஆனால் இவை 1959இன் பாடத்தை மறந்திருக்கவில்லை போலும். பதின்மரும் செல்லுமுன்பே, 2023இல், இரண்டும் வாஷிங்டன் மாநிலத்து நீதிமன்றத்தை நாடின. விலகிச் செல்வோருக்குச் சம்மேளனத்தின் நிர்வாகத்தில் வாக்கில்லை என வாதிட்டன. தீர்ப்பு அவற்றுக்குச் சார்பாகவே அமைந்தது. சம்மேளனத்தின் பெயரும் அதன் கருவூலத்தின் ஆட்சியும் அவ்விரண்டின் கையிலேயே தங்கின.