நீரிழிவுத் தடுப்புக் குறுஞ்செய்திகள்

நீரிழிவுத் தடுப்புக் குறுஞ்செய்திகள் என்பவை, இரண்டாம் வகை நீரிழிவு நோய் வரும் வாய்ப்பு மிகுந்தவர்களின் செல்பேசிக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரைகளைக் கணினி வழியே தானாக அனுப்பும் முறையாகும்.

பின்னணி

குளுக்கோசு கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துக் குருதிச் சர்க்கரை 140 முதல் 199 மி.கி. வரை இருப்பது நீரிழிவுக்கு முந்தைய நிலையாகும். இந்நிலையிலிருந்த 531 பேரைச் சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டுகள் கவனித்து, 2006 இல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொள்ளத் தொடர்ந்து ஊக்குவிக்கப்பட்டவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. ஆயினும், ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்து ஊக்குவிப்பதற்கு ஆட்களும் செலவும் மிகுதியாகத் தேவை. அவ்வேலையின் ஒரு பகுதியைச் செல்பேசி செய்யுமா என்பதே அடுத்த கேள்வியானது.

குறுஞ்செய்தி ஆய்வு

இலண்டன் இம்பீரியல் கல்லூரியுடன் இணைந்து இக்குழுவினர் நடத்திய ஆய்வு 2013 இல் வெளியானது. இதில் 35 முதல் 55 வயதுக்குட்பட்ட, பணியிலிருந்த 537 ஆண்கள் பங்கேற்றனர். இரு பிரிவினருக்கும் தொடக்கத்தில் நேரடி அறிவுரை வழங்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் குறுஞ்செய்திகள் தொடர்ந்து வந்தன. மாற்றத்தைப் பற்றி இப்போதுதான் எண்ணத் தொடங்கியவருக்கும் ஏற்கெனவே நடைப்பயிற்சி செய்பவருக்கும் ஒரே செய்தி அனுப்பப்படவில்லை. அவரவர் மனநிலைக்கேற்ப அது மாறியது. இரண்டாண்டுகளின் முடிவில் செய்தி பெற்ற 271 பேரில் 50 பேருக்கும், பெறாத 266 பேரில் 73 பேருக்கும் நோய் வந்தது. அதாவது ஏறத்தாழ 11 பேருக்குச் செய்தி அனுப்பினால் ஒருவருக்கு நோய் தவிர்க்கப்பட்டது. மலிவான கருவிக்கு இது சிறிய பயனன்று.

ஐயங்கள்

2020 இல் வெளியான, இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் 2,062 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. அதில் பங்கேற்பாளர்கள் குளுக்கோசு சோதனையால் அன்றி, குருதியின் எச்பிஏ1சி அளவால் தெரிவு செய்யப்பட்டனர். எனவே இரண்டையும் நேராக ஒப்பிடுவது எளிதன்று.

கூரம், உத்திரமேரூர் போன்ற காஞ்சிபுரம் மாவட்டச் சிற்றூர்ப் பகுதிகளில், செய்தி அனுப்புவதைவிட அது யாருக்குத் தேவை என்று கண்டறிவதே கடினம். வெறும் வயிற்றுடன் வந்து இரண்டு மணி நேரம் காத்திருப்பது கூலித் தொழிலாளிக்கு வருமான இழப்பாகும். அப்போது இம்மாவட்டத்திலும் 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்திலும் அடங்கும் சூணாம்பேட்டில், மருத்துவர் வி. மோகன் குழுவினர் செயற்கைக்கோள் இணைப்புள்ள ஊர்தியுடன் 42 சிற்றூர்களுக்கு நேரில் சென்று இப்பரிசோதனைப் பணியை மேற்கொண்டனர்.