தொண்டும் நாள் குறிப்பும்

கூலி பெற்று உழைப்பவனுக்குத் தலைவன் நாள் குறித்துக் கட்டளையிடலாம். விரும்பி வந்து உழைப்பவனுக்கு அவ்வாறு கட்டளையிடுதல் இயலுமா? ஊதியமின்றிக் கட்டற்ற மென்பொருள் ஆக்கும் தொண்டர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்த வினா இது.

தமிழர் நன்கறிந்த ஒரு தொண்டிலிருந்து தொடங்குவோம். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தோன்றிற்று. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். பல நாட்டுத் தமிழன்பர்கள் நம் இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்தும் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றினர். முடிந்த நூல் முடிந்தபோது வெளிவந்தது. ஒரு நூல் தாமதமானால் மற்றொரு நூலுக்கு இழப்பில்லை. ஆகவே, நாள் குறிக்கும் கவலை அங்குப் பெரிதாக எழவில்லை.

மென்பொருளின் இயல்பு வேறு. அதன் ஒரு பகுதி மற்றொரு பகுதியைப் பற்றி நிற்பது. ஒருவர் பணி தாமதமானால் அனைவரும் காத்திருக்க நேரும். 1993-இல் இயான் மர்டாக் என்பார் தொடங்கிய டெபியன் என்னும் இயக்குதளம், ‘ஆயத்தமானபோது வெளிவரும்’ என்னும் நெறியில் நின்றது. நெறி நன்றே. ஆயினும், 2002 ஜூலையில் 3.0 பதிப்பு வந்தபின், அடுத்த 3.1 பதிப்பு வருவதற்கு 2005 ஜூன் ஆயிற்று. செய்து முடித்தோர் பணியும் அதுவரை பயனர் கையைச் சேரவில்லை.

கணினித் திரையின் முகப்பை ஆக்கும் க்னோம் குழுவினர் வேறு வழி கண்டனர். 2002-இல் 2.0 பதிப்பை வெளியிட்ட பின்னர், ஏறத்தாழ ஆறு திங்களுக்கு ஒரு பதிப்பு என முறை வகுத்தனர். நாளை நிலையாக வைத்து, உள்ளடக்கத்தை நெகிழ விட்டனர். முடியாத பகுதி அடுத்த பதிப்புக்குச் செல்லும். 2010-இல் வருமெனக் கருதப்பட்ட 3.0 ஆயத்தமாகாதபோது, அவ்வாண்டு 2.30, 2.32 ஆகிய பதிப்புகளே வெளிவந்தன, 3.0 பதிப்பு 2011 ஏப்ரலில் வந்தது. எவரையும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. எவரும் காத்துக் கிடக்கவும் இல்லை.

2004-இல் பிறந்த உபுண்டுவும் இம்முறையையே மேற்கொண்டது. எனினும் 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பைச் செம்மை கருதி ஜூனுக்குத் தள்ளி வைத்தது. டெபியனும் 2009-இல், புதியன சேர்ப்பதை நிறுத்தும் நாளை முன்கூட்டியே குறிக்க இசைந்தது; வெளியிடும் நாளை மட்டும் ஆயத்தத்திற்கே விட்டுவைத்தது.

இதில் தமிழுக்கு என்ன பங்கு? மொழிபெயர்ப்பாளர் பணி இறுதியில் வருவது. ஆங்கிலச் சொற்கள் நாள்தோறும் மாறிக்கொண்டிருந்தால் எதனைத் தமிழாக்குவது? ஆதலின், வெளியீட்டிற்குச் சில வாரங்களுக்கு முன்பே, திரையில் தோன்றும் சொற்களை இனி மாற்றலாகாது என க்னோம் தடை விதிக்கிறது. அந்த இடைவெளியே தமிழாக்குவோர்க்கு உரிய காலம். அது பறிபோனால், பட்டியலில் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக ஒரு பதிப்பு மாணவர் முன் நிற்கும். திருத்தம் அடுத்த பதிப்பில்தான் வரும்.

நாள் குறிப்பது தொண்டரை விரட்டும் சாட்டையன்று. முன்னே செல்பவர் பின்னே வருபவருக்குத் தரும் வாக்கே அது.