நாளைப்போவாரின் தூரம்

ஆதனூருக்கும் தில்லைக்கும் இடையே எவ்வளவு தூரம்? இரண்டும் இன்று கடலூர் மாவட்டத்தில்தான் உள்ளன. விடியலில் கிளம்பினால் நடந்தே பொழுது சாய்வதற்குள் சேர்ந்துவிடலாம். அந்த ஒரு நாள் நடையைக் கடக்க இயலாமல் 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே ஒருவருக்கு அது பெயராகவும் ஆயிற்று. திருநாளைப்போவார் எனும் நந்தனாரை வகுப்பில் பாடம் சொல்லும்போதெல்லாம் நம்மை உறுத்துவது இந்தத் தூரக் கணக்குதான்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்லும் நந்தனாரின் தொண்டு, கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளிப்பது. அவர் தந்த தோல் கோயிலுக்குள் முழங்கும். அவரோ வாயிலுக்கு வெளியே நிற்பார். பொருளுக்கு இல்லாத தூரம் மனிதருக்கு இருந்தது. திருப்புன்கூரில் நந்தி விலகியதைக் கொண்டாடுகிறோம். நந்தி விலகியதே தவிர, நந்தனார் உள்ளே அழைக்கப்படவில்லை.

பெரியபுராணத்தில் அவரைத் தனியொருவர் தடுப்பதில்லை. தம் பிறப்பை எண்ணி அவரே தயங்குகிறார். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலோ, புராணத்தில் இல்லாத வேதியப் பண்ணையார் ஒருவர் வருகிறார். 40 வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். மாயூரம் வட்டாரத்துப் பண்ணைகளுக்கு நடுவே வாழ்ந்த பாரதியாருக்கு அந்தத் தூரத்தின் உடைமையாளர் யாரென்று தெரிந்திருக்கிறது. அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தயங்கியதை உ.வே.சா. பதிவு செய்திருக்கிறார். இலக்கணப் பிழைகளோடு, மூலத்தினின்று விலகியதும் ஒரு காரணம். நமக்கோ அந்த விலகலே பெரிய வரலாற்றுச் சான்றாகப் படுகிறது.

தில்லை எல்லையை அடைந்த பின்னும் தூரம் தீரவில்லை. ஊருக்குப் புறத்தே வலம்வந்தார். அந்தணர் வளர்த்த தீயில் மூழ்கி, முனிவர் கோலத்தில் எழுந்த பிறகே உள்ளே சென்றார். அதாவது, ஆதனூரில் பிறந்த அந்த உடம்பு உள்ளே போகவேயில்லை!

1916இல் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சிதம்பரத்தில் ஒரு பள்ளி தொடங்கி, நந்தனாரின் பெயரையே சூட்டினார். அது எழுந்தது ஓமக்குளத்தில். நந்தனாருக்காகத் தீ வளர்த்த இடம் என்று மரபு சுட்டுவதும் அதே ஓமக்குளத்தைத்தான். சுற்றுவட்டச் சேரிகளிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படித்தார்கள்.